மட்டமான சங்கீதம் என்று ஒன்று உண்டா?

பாட்டுக் கேட்பதிலும் மனிதன் மேல், கீழ் பார்க்கிறான். "இது உயர்ந்த சங்கீதம்" என்கிறான். "அது மட்டமான சங்கீதம்" என்கிறான்.

இதைத் தீர்மானிப்பது யார்? காது தீர்மானித்தால் நியாயம். ஆனால், பல சமயம் காதுக்கு வேலையே கொடுப்பதில்லை. பாடுகிறவன் யார், எந்தத் தெருவில் இருந்து வருகிறான், அவன் தோலின் நிறம் என்ன என்று கண் பார்க்கிறது. உடனே வாய் தீர்ப்புச் சொல்லி விடுகிறது.

அமெரிக்காவில் ஜாஸ் இசைக்கு இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதியவர்களில் முக்கியமானவர்கள் நான்கு கறுப்பு இன வாலிபர்கள். அவர்களுடைய கோஷ்டிக்கு "மாடர்ன் ஜாஸ் குவார்டெட்" என்று பெயர். "நவீன ஜாஸ் நால்வர்" என்று தமிழில் சொல்லலாம்.

ஒரு கையில் ஜாஸ், மறு கையில் ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதம். இரண்டையும் ஒரே மேடையில் வாசித்தார்கள். இந்த நால்வரின் கதையில், சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நல்ல பாடம் இருக்கிறது.

அடிமைகளின் பேரப்பிள்ளைகள்

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ம் ஆண்டில் சட்டப்படி ஒழிந்தது. ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததியார் விடுதலை பெற்றார்கள்.

விடுதலை கிடைத்தது. மரியாதை கிடைக்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்கு ரெயிலில் தனிப் பெட்டி. பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். தண்ணீர் குடிக்கவும் தனிக் குழாய்!

இந்த மக்கள் தங்கள் துக்கத்தையும் சந்தோஷத்தையும் பாட்டாக்கினார்கள். வயலில் பாடினார்கள். தேவாலயத்தில் பாடினார்கள். மனக்குறையைச் சொல்லும் ஒரு பாட்டு வகைக்கு "புளூஸ்" என்று பெயர் வந்தது. இந்தப் பாட்டும், ஊர்வலத்தில் வாசிக்கும் பாண்டு வாத்தியமும் சேர்ந்து, 1900-ம் ஆண்டையொட்டி நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் உருவாயிற்று.

ஜாஸில் ஒரு விசேஷம் உண்டு. எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதோடு நிற்க மாட்டார்கள். ஒரு மெட்டை எடுத்துக் கொள்வார்கள். அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை எல்லாம் அதன் மேல் வாசித்துக் கொண்டே போவார்கள். நம் வித்வான்கள் கற்பனை சுரம் பாடுகிறார்களே, அது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். தாளம் தப்பக் கூடாது. மெட்டின் அஸ்திவாரம் ஆடக் கூடாது. அதற்குள் எவ்வளவு சுதந்திரமும் உண்டு.

இவ்வளவு வித்தை நிறைந்த இசைக்குக் கிடைத்த இடம் எது? பெரும்பாலும் மதுவிடுதியும் நடன விடுதியும்தான்.

நியூயார்க் நகரத்து மதுவிடுதிகளில் வாசிப்பதற்குப் போலீசாரின் அனுமதி அட்டை தேவை. 1940-ம் ஆண்டு முதல் 1967-ம் ஆண்டு வரை இந்தக் கட்டுப்பாடு இருந்தது. அட்டை போனால் பிழைப்பும் போயிற்று. தெலோனியஸ் மாங்க் என்ற பெரும் மேதையே 1951-ல் அட்டையைப் பறிகொடுத்து விட்டு, பல ஆண்டுகள் திண்டாடினார்.

அடைத்த கதவு

"அப்படியானால், கறுப்பர்கள் சாஸ்திரிய சங்கீதம் படித்து, பெரிய மண்டபத்தில் பாட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம்.

பாடத்தான் போனார்கள். கதவைத் திறக்க ஆள் இல்லை.

மரியான் ஆண்டர்சன் என்று ஓர் அம்மையார். ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி. 1939-ல் வாஷிங்டன் நகரில் "கான்ஸ்டிடியூஷன் ஹால்" என்ற மண்டபத்தை அவருடைய கச்சேரிக்குக் கேட்டார்கள். கறுப்பர் என்பதால் கொடுக்க மறுத்து விட்டார்கள். அவர் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிக்கட்டில் நின்று, வெட்டவெளியில் பாடினார். கேட்க வந்த கூட்டம் சுமார் 75 ஆயிரம்! ஆனாலும், நியூயார்க்கின் புகழ்பெற்ற மெட்ரோபாலிடன் ஆப்பராவில் பாட அவர் 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 57.

இன்னொரு பெண் நினா சிமோன். பாக் என்ற ஜெர்மானிய மேதையின் இசையில் ஊறிய பெண். சாஸ்திரிய பியானோ வித்வான் ஆக வேண்டும் என்பது அவர் கனவு. 1951-ல் பிலடெல்பியா நகரின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. தன் நிறம்தான் காரணம் என்று அவர் கடைசி வரை நம்பினார்.

பிழைக்க வேண்டுமே! 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுவிடுதியில் பியானோ வாசிக்கப் போனார். "பாட்டும் பாடினால்தான் வேலை" என்றார்கள். பாடினார். உலகப் புகழ் பெற்றார். அதே கல்லூரி 2003-ல் அவருக்குக் கவுரவப் பட்டம் வழங்கியது. சில நாட்களில் அவர் இறந்து விட்டார்.

52 ஆண்டுகள் கழித்து வந்த பட்டம்! யாருக்கு லாபம்?

இப்போது கணக்குச் சரியாகப் புரிகிறது அல்லவா? ஜாஸ் வாசித்தால், "மட்டமான சங்கீதம்" என்றார்கள். சாஸ்திரிய சங்கீதம் கேட்டுப் போனால், "உனக்கு இடம் இல்லை" என்றார்கள். அவர்கள் வெறுத்தது சங்கீதத்தை அல்ல, அதை வாசித்த மனிதனை. இதுதான் என் கட்சி.

ஓய்வு நேரத்தில் பிறந்த கோஷ்டி

1946-ல் டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற டிரம்பெட் மேதை ஒரு பெரிய ஜாஸ் கோஷ்டியை நடத்தினார். அவருடைய இசையில் ஊதுகிறவர்கள் மிக உச்சத்தில் ஊத வேண்டும். உதடு களைத்துப் போகும். அவர்களுக்கு ஓய்வு கொடுக்க ஒரு வழி கண்டார்கள். பியானோ, வைப்ராபோன், பேஸ், டிரம் வாசிப்பவர்கள் மட்டும் நடுவில் கொஞ்ச நேரம் தனியாக வாசிப்பார்கள்.

மற்றவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தை நிரப்ப வந்த வாசிப்பு அது. அதில் இருந்து ஒரு சரித்திரம் பிறக்கப் போகிறது என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்!

1952-ல் "மாடர்ன் ஜாஸ் குவார்டெட்" என்ற பெயரில் தனிக் கோஷ்டி ஆனார்கள். பியானோ ஜான் லூயிஸ். வைப்ராபோன் மில்ட் ஜாக்சன். பேஸ் பெர்சி ஹீத். டிரம் கென்னி கிளார்க். அந்த ஆண்டு லூயிசுக்கு வயது 32. ஜாக்சனுக்கும் ஹீத்துக்கும் 29. கிளார்க் மூத்தவர். அவருக்கு 38. கிளார்க் 1955-ல் விலகினார். அவர் இடத்துக்குக் கான்னி கே வந்தார்.

வைப்ராபோன் என்பது நம் ஊரில் அதிகம் காணாத வாத்தியம். உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி இருப்பார்கள். உருண்டைத் தலை வைத்த குச்சிகளால் தட்டுவார்கள். கீழே உள்ள குழாய்களின் வாயில் சிறு தட்டுகள் மின்சாரத்தால் சுழலும். அதனால் நாதம் அலை அலையாக வரும். மில்ட் ஜாக்சன் அந்தச் சுழற்சியின் வேகத்தை வெகுவாகக் குறைத்தார். உடனே அந்த உலோகம் மனிதக் குரல் போலப் பாட ஆரம்பித்தது. அவர் சிறு வயதில் தேவாலயப் பாட்டில் வளர்ந்தவர். அந்தக் குரலைத்தான் இரும்பில் தேடினார் என்று சொல்ல வேண்டும்.

பெர்சி ஹீத்தின் கதை வேறு. இரண்டாவது உலகப் போரின்போது அவர் போர் விமானி. அமெரிக்க ராணுவம் முதன்முதலாகக் கறுப்பர்களை விமானிகளாகப் பயிற்றுவித்த டஸ்கீகியில் பயிற்சி பெற்றவர். போர் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் பேஸ் கற்றார்!

ஜான் லூயிஸ் நான்கு வயதில் தாயை இழந்தவர். பாட்டியின் வளர்ப்பு. பல்கலைக்கழகத்தில் மனித இன ஆராய்ச்சியும் சங்கீதமும் படித்தார். ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கென்னி கிளார்க்கின் நட்புக் கிடைத்தது. பிறகு, மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் படித்து, 1953-ல் எம்.ஏ.க்குச் சமமான முதுகலைப் பட்டம் பெற்றார். இரவில் ஜாஸ் வாசித்துக் கொண்டே பட்டம் வாங்கிய மனிதர்!

பாக் வீட்டுக்குள் புளூஸ்

ஜெர்மனியில் 1685-ல் பிறந்து 1750-ல் மறைந்த பாக், "பியூக்" என்ற இசை வகையில் நிகரற்றவர். பியூக் என்றால் என்ன? ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். அவர் முடிப்பதற்கும் இரண்டாமவர் அதே மெட்டைப் பிடிப்பதற்கும் சரியாக இருக்கும். முதலாமவர் நிறுத்த மாட்டார். வேறு ஒன்றை வாசிப்பார். மூன்றாமவரும் வந்து சேருவார். எல்லோரும் வேறு வேறு பேசுவார்கள். ஆனால், சண்டை இருக்காது. ஒற்றுமை இருக்கும்.

நால்வர் இந்த முறையை ஜாஸுக்குள் கொண்டு வந்தார்கள். 1952-ல் பதிவான "வாந்தோம்", 1955-ல் பதிவான "கான்கார்ட்" ஆகிய உருப்படிகள் இந்த வகை. அமைப்பு பியூக். அதற்குள் ஓடுகிற ரத்தம் ஜாஸ்.

1973-ல் அவர்கள் "புளூஸ் ஆன் பாக்" என்று ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மானியர்கள் சுரங்களுக்கு எழுத்துக்களைப் பெயராக வைத்திருக்கிறார்கள். பாக்கின் பெயரில் உள்ள பி, ஏ, சி, எச் ஆகிய நான்கு எழுத்துக்களுமே சுரங்கள்தான்! பாக்கே தம் இசையில் இந்த நான்கு சுரங்களைக் கையெழுத்துப் போலப் போட்டிருக்கிறார். நால்வர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு சுரத்தையும் ஆதாரமாக வைத்து ஒவ்வொரு புளூஸ் வாசித்தார்கள். ஆக, நான்கு புளூஸ். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன், பாட்டி பாட்டைக் கொண்டு, பாக்கின் பெயரை எழுதிக் காட்டினார்கள்!

இதைக் கேட்டு, "பாக்கைக் கெடுக்கிறார்கள்" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1747-ல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கைப் பார்க்க பாக் போனார். மன்னர் ஒரு மெட்டைக் கொடுத்தார். பாக் அந்த இடத்திலேயே, முன்னால் எழுதி வைக்காமல், அதன் மேல் ஒரு பியூக் வாசித்துக் காட்டினார். கைக்கு வந்ததை அந்த நேரத்தில் வாசிப்பதுதான் குற்றம் என்றால், முதல் குற்றவாளி பாக்தான்!

குடும்பம் நடத்துவது போல

நால்வரும் மேடைக்குக் கறுப்புக் கோட்டு அணிந்து வருவார்கள். வணக்கம் செலுத்துவார்கள். மென்மையாக வாசிப்பார்கள். கூட்டம் சத்தம் போட்டால், இன்னும் மெதுவாக வாசிப்பார்கள். காது கொடுத்தால்தான் கேட்கும். கூட்டம் தானாக அடங்கி விடும். அதட்டல் இல்லாமலே அமைதி!

கோஷ்டியை அவர்கள் கூட்டுறவாக நடத்தினார்கள். முதலாளி கிடையாது. வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். இசைப் பொறுப்பு லூயிசுக்கு. வெளியாரோடு பேசும் பொறுப்பு ஜாக்சனுக்கு. பணக் கணக்கு ஹீத்துக்கு. பயண ஏற்பாடும் தங்கும் இடமும் கான்னி கேக்கு. நல்ல குடும்பத்தில் அண்ணன், தம்பிகள் பொறுப்பைப் பிரித்துக் கொள்வது போல.

கோஷ்டிகள் நீடிப்பது கடினம். இவர்களோ 1955 முதல் 1974 வரை ஆள் மாறாமல் வாசித்தார்கள். பிறகு, மில்ட் ஜாக்சன் விலகினார். லூயிசின் கட்டுக்கோப்புக்குள் அவருக்கு மூச்சு முட்டியது. கிடைத்த வருமானமும் போதவில்லை என்ற மனக்குறை. கோஷ்டி கலைந்தது. ஆனாலும், பகை வளர்க்கவில்லை. 1981-ல் அதே நால்வர் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். கான்னி கே 1994-லும், ஜாக்சன் 1999-லும், லூயிஸ் 2001-லும், ஹீத் 2005-லும் மறைந்தார்கள்.

கோட்டுப் போட்டால்தான் மரியாதையா?

இவர்களைத் திட்டியவர்களும் உண்டு. ஜாஸ் ரசிகர்களிலேயே சிலர், "ஜாஸுக்குக் கோட்டு மாட்டி, விறைப்பாக்கி விட்டார்கள்" என்றார்கள். "வெள்ளையர்களின் சங்கீதத்தைப் பார்த்து மயங்கி விட்டார்கள்" என்றும் குறை சொன்னார்கள்.

இந்தக் குறையை அலட்சியமாகத் தள்ளி விடக் கூடாது. அதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. வேர்வை சிந்தி, சட்டை கசங்க வாசிக்கும் கறுப்புக் கலைஞனுக்கு மரியாதை கிடையாதா? கோட்டும், பியூக்கும், பட்டமும் இருந்தால்தான் அவன் மனிதனா?

நான் சொல்கிறேன்: கோட்டு இல்லாமலே அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. அதைத் தராமல் வைத்திருந்தது உலகத்தின் குற்றம். நால்வரின் குற்றம் அல்ல.

மேலும், அவர்கள் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. பாக்கைக் கற்றதற்காகப் புளூஸை மறக்கவில்லை. மில்ட் ஜாக்சனின் வாசிப்பைக் கேளுங்கள். அத்தனை கட்டுக்கோப்புக்கு நடுவிலும் தேவாலயப் பாட்டு எட்டிப் பார்க்கும். புது வீடு கட்டினார்கள். ஆனால், பழைய வீட்டின் விளக்கை அணைக்கவில்லை.

கோட்டு, சூட்டு மட்டும் கதவைத் திறந்து விடாது என்பதற்கும் சாட்சி உண்டு. டியூக் எலிங்டன் ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி. நடை, உடை, பேச்சு எல்லாம் ராஜ கம்பீரம். 1965-ல் அவருக்குச் சிறப்புப் புலிட்சர் விருது தரலாம் என்று நடுவர்கள் சிபாரிசு செய்தார்கள். மேலே இருந்த குழு மறுத்து விட்டது. 1974-ல் எலிங்டன் இறந்தார். 1999-ல் விருது வந்தது!

அதற்குள் காலம் மாறி இருந்தது. வின்டன் மார்சாலிஸ் என்ற 22 வயது டிரம்பெட் வாலிபர், 1984-ல் ஒரே மேடையில் ஜாஸுக்கு ஒரு கிராமி விருதும், சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஒரு கிராமி விருதும் பெற்றார். 1997-ல் அவருக்குப் புலிட்சர் விருதும் கிடைத்தது. ஜாஸ் இசை பெற்ற முதல் புலிட்சர் அதுதான். அவர் நடந்து போன பாதையில் முள் பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். நமது நால்வருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

ஜான் லூயிஸ் தாம் பெற்ற கல்வியைப் பூட்டி வைக்கவில்லை. 1957 முதல் 1960 வரை, லெனாக்ஸ் என்ற ஊரில் கோடை காலத்தில் நடந்த ஜாஸ் பள்ளியின் இயக்குநராக இருந்தார். அங்கே 1959-ல் ஆர்னெட் கோல்மன் என்பவர் மாணவராக வந்தார். அவருடைய வாசிப்பு லூயிசின் பாணிக்கு நேர் எதிர். கட்டுப்பாட்டை எல்லாம் உடைத்துக் கொண்டு ஓடும் வாசிப்பு. பலர் காதைப் பொத்திக் கொண்டார்கள். லூயிஸ் அவரை ஆதரித்தார். தம்மைப் போல வாசிக்காதவனையும் காது கொடுத்துக் கேட்டாரே, அவர்தான் ஆசிரியர்!

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இரண்டு சங்கீதத்தைக் கலந்து பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத இசையைக் கேட்கலாம். உடனே, "அது மட்டம், இது உயர்வு" என்று அதட்டாதீர்கள். "ஒழுங்காகக் கற்றாயா? தினமும் பயிற்சி செய்கிறாயா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் தயவு காட்ட வேண்டாம். நால்வரும் கற்றுக் கொண்டுதான் கலந்தார்கள். கற்காமல் கலப்பது குழப்பம். கற்றுக் கலப்பது வளர்ச்சி. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது சொல்லும். கேட்பதற்கு முன்னால் வாய் திறக்க வேண்டாம்.

நால்வர் வாசித்த "ஜாங்கோ" என்ற உருப்படி 1954-ல் பதிவானது. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் மேதை 1953-ல் இறந்தார். அவர் ஐரோப்பாவில் நாடோடிகள் என்று ஒதுக்கப்பட்ட ரோமானி இனத்தவர். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப் போயும், மற்ற விரல்களால் உலகத்தை மயக்கியவர். அவருக்கு அஞ்சலியாகத்தான் லூயிஸ் இந்த மெட்டை அமைத்தார்.

இறுதி ஊர்வலம் போல மெதுவாகத் தொடங்கும். பிறகு, நடை மாறும். மில்ட் ஜாக்சனின் வைப்ராபோன் பேச ஆரம்பிக்கும். கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள், மட்டமான சங்கீதம் என்று ஒன்று உண்டா என்று.